மகப்பேறும் மழலையும் – 9: குழந்தை பிறந்த பின் வரும் ஒரு மணி நேரம்

மகப்பேற்றின் முதல் இரண்டு கட்டங்களும் சென்ற இதழ்களில் விளக்கப்பட்டன. இடுப்பு வலி சீராகித் தொடங்கிக் கருப்பை வாய் 10 செ.மீ. அளவுக்கு முழுமையாக விரியும் வரையுள்ள காலம் முதற்கட்டம் என்றும், அதன்பின் தாய் முக்கிக் குழந்தையை ஈன்றெடுக்கும் வரையுள்ள காலம் இரண்டாம் கட்டம் என்றும் மருத்துவ நூல்கள் வகுக்கின்றன. குழந்தையின் அழுகுரல் கேட்டதும் வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் பிரசவம் முடிந்துவிட்டது என்று நெஞ்சாறுவது இயல்பே. ஆனால், நஞ்சுக்கொடி வெளியேறும் மூன்றாம் கட்டமும், அதையடுத்துத் தாயின் உடல் நிலைப்படும் ஓரிரு மணி நேரமாகிய நான்காம் கட்டமும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. தாய்க்கும் சேய்க்கும் ஒருசேர ஆபத்து மிகுந்த இந்தப் பொழுதில் செய்ய வேண்டியவை எளியவை, செலவு குறைந்தவை. எனினும் நிமிடம் தவறாமல் செய்யப்பட வேண்டியவை.

நஞ்சுக்கொடி பிரியும் விதம்

கருவுக்கு உணவும் உயிர்வளியும் வழங்கும் நஞ்சுக்கொடி, நிறைமாதத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடை கொண்டிருக்கும். அக்காலத்தில் தாயின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் பாய்கிறது. குழந்தை வெளிவந்தவுடன் கருப்பை சுருங்க, அதன் உட்சுவரின் பரப்பும் குறுகுகிறது. உடன் சுருங்கும் திறனற்ற நஞ்சுக்கொடி, பற்றியிருந்த இடத்திலிருந்து பெயர்ந்து, பெரும்பாலும் 30 நிமிடங்களுக்குள் வெளியேறிவிடுகிறது. அது பெயர்ந்த இடத்தில் வாய் திறந்து நிற்கும் இரத்தக் குழாய்களை, அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கருப்பைத் தசைநார்கள் இறுக்கி அடைக்கின்றன. ஆகவே, பிரசவித்த தாயின் உயிரைக் காக்கும் முதல் அரண், கருப்பை சுருங்குவதும் சுருங்கியே நிற்பதுமாகும்.

அவ்வாறு சுருங்காமல் கருப்பை தளர்ந்துபோகும் நிலையே, பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்பெருக்குக்குத் தலையாய காரணம். பிரசவித்த 24 மணி நேரத்துக்குள் 500 மில்லி லிட்டர் அல்லது அதற்கு மேல் இரத்தம் இழக்கப்படுவதை உதிரப்பெருக்கு என்று மருத்துவம் வரையறுத்துள்ளது. இரத்தசோகை உள்ள தாய்க்கு அதைவிடக் குறைந்த இழப்பும் ஆபத்தாகலாம். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கிவிடுதல், பிறப்புப் பாதையில் ஏற்படும் கிழிசல், இரத்தம் உறையாமை ஆகியவை ஏனைய காரணங்கள். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1.4 கோடிப் பெண்கள் இப்பெருக்குக்கு ஆளாவதாகவும், ஏறக்குறைய 70,000 பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பிரசவத்துக்குப் பின் கெட்ட இரத்தம் எவ்வளவு போகிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று பல குடும்பங்களில் நிலவும் நம்பிக்கை, இந்த ஆபத்தை உரிய நேரத்தில் உணரவிடாமல் தடுக்கிறது.

ஒரு ஊசியின் வரலாறு

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்பதை ஆங்கிலேய அறிஞர் ஹென்றி டேல் 1906ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அச்சாற்றில் அடங்கிய ஆக்சிடோசின் என்னும் இயக்குநீரை 1953ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ, 1955ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் இம்மருந்து 10 அலகு தாய்க்கு ஊசி மூலம் செலுத்தப்படுவதே இன்று மூன்றாம் கட்டப் பராமரிப்பின் மையமாக உள்ளது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்நிலையில் பாதுகாக்கப்படாவிட்டால் இதன் வீரியம் குன்றிவிடும் என்பதால், ஒரு சுகாதார நிலையத்தின் குளிர்பதனப் பெட்டியும் தடையற்ற மின்சாரமும்கூடத் தாயின் உயிரோடு தொடர்புடையவை ஆகின்றன.

நஞ்சுக்கொடி தானே பெயர்வதற்கு முன் தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே உட்புறம் வெளியாகப் புரண்டுவிடக்கூடும். எனவே பயிற்சி பெற்றவர் தவிர வேறெவரும் அதை இழுக்கலாகாது. வெளிவந்த நஞ்சுக்கொடி முழுமையாக உள்ளதா என்று செவிலியர் புரட்டிப் பார்ப்பதும், முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை தாயின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உதிரப்போக்கு ஆகியவற்றைச் சோதிப்பதும், அடிவயிற்றில் கைவைத்துக் கருப்பை கிரிக்கெட் பந்தைப் போல் கெட்டியாக உள்ளதா என்று அறிவதும் நான்காம் கட்டத்தின் கடமைகள். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பை சுருங்குவதற்கு இடையூறு செய்யும் என்பதால், தாய் சிறுநீர் கழித்துவிட்டாரா என்று கவனிப்பதும் இவற்றுள் அடங்கும்.

இழந்த இரத்தத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிடும்போது உண்மையான அளவைவிடக் குறைவாகவே கணிக்கப்படுகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், அளவுக்கோடிட்ட பையுடன் கூடிய விரிப்பில் இரத்தம் சேகரித்து அளக்கப்பட்டது. குறித்த அளவைத் தாண்டியவுடன் கருப்பையைத் தேய்த்துவிடுதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, இரத்தக்கசிவைக் கட்டுப்படுத்தும் டிரனெக்சாமிக் அமிலம், நரம்புவழித் திரவம், காரணத்தைத் தேடும் பரிசோதனை ஆகிய ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரத் தொடங்கப்பட்டன. இதனால் கடும் இரத்த இழப்பு, அதற்கான வயிற்று அறுவை, இறப்பு ஆகியவை சேர்ந்த விளைவு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. புதிய மருந்து எதுவும் இதில் பயன்படுத்தப்படவில்லை. அளந்து பார்த்ததும் உடனே செயல்பட்டதுமே வேறுபாட்டை உண்டாக்கின.

குழந்தையின் முதல் நிமிடம்

கருவறையில் திரவம் நிறைந்திருந்த நுரையீரலில் காற்று புகுந்து முதல் மூச்சு நிகழ வேண்டிய நிமிடத்தைப் பொன்னான நிமிடம் என்று குழந்தை மருத்துவர்கள் குறிப்பிடுகின்றனர். பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 85 தாமாகவே மூச்சுவிடுகின்றன. மேலும் 10 குழந்தைகளுக்கு உலர்ந்த வெதுவெதுப்பான துணியால் உடலைத் துடைத்து முதுகை மெல்லத் தேய்த்துவிடுவதே போதுமான தூண்டலாகிறது. எஞ்சிய சிலருக்கு மட்டுமே பையும் முகமூடியும் கொண்டு காற்றுச் செலுத்துதல் முதலான உதவிகள் தேவைப்படுகின்றன. குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து அடிக்கும் பழைய வழக்கம் பயனற்றது, தீங்கும் தரக்கூடியது.

நியூயார்க்கில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிய வெர்ஜீனியா அப்கார் 1952இல் முன்வைத்த மதிப்பெண் முறை இன்றும் வழக்கில் உள்ளது. இதயத்துடிப்பு, மூச்சு, தசைகளின் முறுக்கு, தூண்டலுக்கான எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு, பிறந்த முதலாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் கூட்டிப் பார்ப்பது அதன் முறை. அதுவரை பிறந்தவுடன் ஒரு பார்வையில் ஒதுக்கப்பட்டுவந்த குழந்தையை முறையாக உற்றுநோக்க வேண்டிய கட்டாயத்தை உருவாக்கியதே அம்முறையின் பெருஞ்சாதனை.

மூச்சு சீராக உள்ள குழந்தையின் தொப்புள்கொடியை உடனே வெட்ட வேண்டியதில்லை. 1 முதல் 3 நிமிடங்கள் பொறுத்தால், நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் இரத்தத்தில் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லி லிட்டர் குழந்தையைச் சென்றடைகிறது. அதிலுள்ள இரும்புச்சத்து, பின்வரும் மாதங்களில் இரத்தசோகை வராமல் காக்கத் துணைநிற்கிறது. வெட்டப்பட்ட தொப்புளின்மீது மஞ்சள், சாம்பல், எண்ணெய் என எதையும் தடவாமல் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால், ஓரிரு வாரங்களில் அது தானே உதிர்ந்துவிடும்.

சூடும் சீம்பாலும்

பிறந்த குழந்தையின் இயல்பான உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ். பனிக்குட நீரில் நனைந்த உடல், கோடை நாளிலும் விரைவில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குழந்தை தன் ஆற்றலையெல்லாம் சூடு காப்பதிலேயே செலவிட்டுச் சோர்ந்து, பால் குடிக்கவும் இயலாமல் போகிறது. துடைத்த குழந்தையை வெற்றுடம்பாகத் தாயின் மார்பின்மீது கிடத்தி இருவரையும் சேர்த்துப் போர்த்துவது இதற்கு எளிய தீர்வு. முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும். தோலில் ஒட்டியுள்ள வெண்ணிற மாவுப்படலம் அழுக்கன்று, இயற்கை தந்த காப்பு.

கொலம்பிய நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் 1970களின் இறுதியில், எடை குறைந்த குழந்தைகளுக்குப் போதிய இன்குபேட்டர் கருவிகள் இல்லாத நெருக்கடியில், மருத்துவர் எட்கர் ரேய் தாயின் மார்பையே அக்கருவிக்கு மாற்றாக்கினார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற இம்முறையை, எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே தொடங்கினால் முதல் 28 நாள் இறப்புகள் ஏறத்தாழ கால் பங்கு குறைகின்றன என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

மார்பின்மீது கிடத்தப்பட்ட குழந்தை, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்கத் தொடங்க வேண்டும். மஞ்சள் நிறத்தில் சிறிதளவே சுரக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. அதைக் கறந்து கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ சேனையாகத் தொட்டு வைக்கும் வழக்கம், அன்பினால் செய்யப்படுவதாயினும், கிருமித் தொற்றுக்கு வழிசெய்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கவல்லவை. குழந்தை மார்பில் சப்பும்போது தாயின் உடலிலேயே ஆக்சிடோசின் சுரந்து கருப்பையைச் சுருங்கச் செய்வதால், குழந்தைக்கு ஊட்டப்படும் முதல் பால் தாயின் உதிரப்போக்கைக் குறைக்கவும் உதவுகிறது. ஆயினும் அது ஊசி மருந்துக்கு மாற்றாகாது, இரண்டும் தேவை.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில், பிரசவ அறையில் தாய்க்குத் துணையாக உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க இடமளிக்கப்படுகிறது. அவ்வாறு உடனிருப்பவர், கருப்பை சுருங்குவதற்கான ஊசி போடப்பட்டதா, நஞ்சுக்கொடி முழுமையாக வந்ததா என்று செவிலியரிடம் பணிவுடன் கேட்கலாம். துணி விரைவாக நனைந்தாலோ, தாய்க்கு மயக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை தோன்றினாலோ ஒரு நொடியும் தாமதியாமல் அழைக்க வேண்டும். குழந்தையைப் பார்க்க வரும் உறவினர் அனைவரும் அந்த முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, தாயையும் சேயையும் பிரிக்காமல் விட்டுவைப்பதே அவர்கள் அளிக்கக்கூடிய முதற்பெரும் சீர்.

(தொடரும்)