டங்க்: வளையம் அதே 10 அடி, மாறியது என்ன?

கூடைப்பந்து ரசிகர்கள் நடுவே தீராத வழக்கு ஒன்று உண்டு. டங்க் அடிப்பதில் யார் பெரிய ஆள்? ஜூலியஸ் எர்விங்கா, மைக்கேல் ஜோர்டனா, வின்ஸ் கார்ட்டரா? மூணு பேர் வீடியோவையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் கடைசியாக வந்தவர்தான் ஜெயிப்பார். பழையது எல்லாம் கொஞ்சம் சப்பென்று தெரியும். இப்படி ஒப்பிடுவதே சரியில்லை என்பது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

எம்பிக் குதித்து, வளையத்துக்கு மேலிருந்து பந்தைக் கையாலேயே உள்ளே திணிப்பதுதான் டங்க். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை அறைந்த இடம் தரையிலிருந்து 10 அடி. இன்னைக்கும் அதே 10 அடிதான். அப்படீன்னா மாறினது எது? மனுஷங்க குதிக்கிற உயரம் மட்டும் இல்லை. விதியும் மாறியது, வளையமும் மாறியது.

நெட்டையர்களின் டங்க்

1940-களில் இது பாப் கர்லண்ட் மாதிரி ஏழடியை எட்டும் ஆட்களின் சமாச்சாரம். வளையத்தடியில் நின்று சின்னதாக ஓர் எம்பல், பந்து உள்ளே. அலங்காரம் எதுவும் கிடையாது. காரியம் முடிந்தால் சரி.

தடை வந்த கதை

1966 கல்லூரி இறுதிப்போட்டியில் டெக்ஸஸ் வெஸ்டர்ன் அணி ஐந்து கறுப்பின வீரர்களோடு ஆட்டத்தைத் தொடங்கியது. எதிரணியான கென்டக்கியில் எல்லோரும் வெள்ளையர்கள். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் டேவிட் லாட்டின் அடித்த டங்க் இன்றும் பேசப்படுகிறது. கோப்பை டெக்ஸஸ் வெஸ்டர்னுக்கு. அடுத்த வருஷம் லூ அல்சிண்டர் (பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார்) ஆடிய யு.சி.எல்.ஏ. ஜெயித்தது. அந்தப் பருவம் முடிந்ததும் கல்லூரி ஆட்டங்களில் டங்குக்கே தடை! காயம் படுகிறது, சாமான் சேதமாகிறது என்று காரணம் சொன்னார்கள். இதற்குப் பின்னால் நிறவெறி இருந்தது என்பது கரீம் உட்படப் பலரின் கருத்து. 1976 வரை, மொத்தம் ஒன்பது பருவங்கள் தடை நீடித்தது.

கரீம் தன் 'ஸ்கை ஹூக்' வீச்சை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டார். நார்த் கரோலினா ஸ்டேட்டின் டேவிட் தாம்ப்சன் பாடுதான் திண்டாட்டம். வளையத்துக்கு மேலே பறந்து பந்தைப் பிடிப்பார், ஆனால் திணிக்கக் கூடாது. பூப்போல உள்ளே விடணும். அப்படி ஆடியே 1974-இல் அவர் அணி கோப்பை வாங்கியது. 1975-இல் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தில் ஒரு டங்க் அடித்தார். அதற்கும் ஃபவுல் கொடுத்தார்கள். வீடியோ வைத்து மட்டும் ஒப்பிட்டால் அவருடைய கல்லூரி வருஷங்களுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

பறத்தல்

தொழில்முறைப் போட்டிகளில் அந்தத் தடை கிடையாது. 1976 ஜனவரியில் டென்வரில் ஏ.பி.ஏ. லீக் நடத்திய டங்க் போட்டியில் எர்விங் ஃப்ரீ த்ரோ கோட்டருகே இருந்து எழும்பினார். கோட்டிலிருந்து பலகை 15 அடி. வளையத்தின் மையம் ஏறக்குறைய 14 அடி. ஓட்ட வேகத்தை ஒற்றைக்காலில் வாங்கி மேலே திருப்பினால்தான் இது நடக்கும். உயரமாகக் குதித்தால் மட்டும் போதாது, தூரமும் தாண்டணும். டங்க் ஒரு காட்சியாக மாறியதில் இந்தத் தாவலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு ஸ்பிரிங்

1979 கடைசியில் டாரில் டாக்கின்ஸ் சுமார் மூணு வார இடைவெளியில் இரண்டு கண்ணாடிப் பலகைகளை நொறுக்கினார். பழைய வளையம் விறைப்பாக இருக்கும். பிடித்து இழுத்தால் பாரம் அப்படியே கண்ணாடிக்குப் போகும். இல்லினாய்ஸில் தானியக் கிடங்கில் வேலை பார்த்த ஆர்தர் எராட், உழவுக்கருவி ஒன்றின் ஸ்பிரிங்கை வைத்து, இழுத்தால் கீழே மடங்கி விட்டதும் நிமிரும் வளையத்தை உருவாக்கியிருந்தார். 1982-இல் காப்புரிமை கிடைத்தது. என்.பி.ஏ. 1981-82 பருவத்திலேயே மடங்கும் வளையத்துக்கு மாறிவிட்டது.

இதற்கப்புறம் பயமில்லாமல் ஓங்கி அடிக்கலாம். 1988 சிகாகோ போட்டியில் இரண்டு பாணிகளும் நேருக்கு நேர் மோதின. டொமினிக் வில்கின்ஸ் இரண்டு கால் ஊன்றி எழும்பி, கையைக் காற்றாலை போலச் சுழற்றி அறைந்தார். ஜோர்டன் ஒற்றைக்காலில் மிதந்தார். ஜோர்டன் ஜெயித்தார், வித்தியாசம் இரண்டே புள்ளி.

அரை நொடிக் கணக்கு

ஒரு மீட்டர் குதித்தால் காற்றில் இருப்பது சுமார் 0.9 நொடி. இந்த இயற்பியல் யாருக்கும் மாறாது. அதே நொடிக்குள் எத்தனை வேலை செய்யலாம் என்பதுதான் பிந்தைய தலைமுறையின் கேள்வி. 1994-இல் ஐசையா ரைடர் பந்தைக் காலுக்கடியில் மாற்றி அடித்து ஜெயித்தார். 2000-இல் கார்ட்டர் அதையே, டிரேசி மெக்கிரேடி தரையில் தட்டிக் கொடுத்த பந்தை அந்தரத்தில் பிடித்துச் செய்தார். முன்னால் வந்தவர்கள் போட்ட பாதையில்தான் பின்னால் வந்தவர் இன்னும் ஓரடி வைக்கிறார்.

அதனால் அடுத்த தடவை வீடியோ பார்க்கும்போது மூணு விஷயம் கவனிங்க: அந்த வருஷம் விதி எதை அனுமதித்தது, வளையம் மடங்குமா, அந்த வித்தையை அதுவரை யாராவது செய்து காட்டியிருந்தார்களா? வழக்கு அப்பவும் தீராதுதான். ஆனா தாம்ப்சன் பேரும் பட்டியலில் ஏறும்.