ஒரு நிறுவனத்தை நம்பிய ஊர்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் தென்கரையில் அமைந்த ஊர் ஜாரோ. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பீட் என்னும் துறவி அங்கிருந்த மடாலயத்தில் அமர்ந்து ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதினார். விக்டோரியா அரசி 1837-இல் அரியணை ஏறியபோது அது நிலக்கரிச் சுரங்கத்தை அண்டிய சிற்றூர். 1901-இல் அவர் மறைந்தபோதோ, முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரம்.

இம்மாற்றத்தைக் கொண்டுவந்தவர் சார்லஸ் மார்க் பால்மர். லண்டனுக்கு நிலக்கரி ஏற்றிச்சென்ற பாய்க்கப்பல்கள் காற்றுக்காகக் காத்துக் கிடந்தன; இதற்கிடையே ரயில் அவ்வணிகத்தைப் பறிக்கத் தொடங்கியது. 1852-இல் பால்மரின் தளத்திலிருந்து 'ஜான் போஸ்' என்னும் இரும்பு நீராவிக் கப்பல் ஆற்றில் இறங்கியது. ஏறத்தாழ 650 டன் கரியைச் சுமந்து, காற்றை எதிர்பாராமல் அது லண்டன் சென்று திரும்பியது. பின்னர் பால்மர் ஜாரோவிலேயே ஊதுலைகளையும் அமைத்தார். வளாகத்தின் ஒரு முனையில் இரும்புத் தாதாக நுழைந்தது, மறுமுனையில் கப்பலாக வெளியேறியது.

அக்கப்பல்களின் தகடுகளை இணைத்தவை தறையாணிகள். அவற்றை அடிப்போர் குழுவாகவே இயங்கினர். ஒரு சிறுவன் ஆணியை உலையில் செந்நிறமாகக் காய்ச்சுவான். இன்னொருவன் அதை உரிய துளைக்குக் கொண்டு சேர்ப்பான். தகட்டின் உட்புறம் ஒருவர் கனத்த சுத்தியலால் ஆணியைத் தாங்கிப் பிடிக்க, வெளிப்புறம் இருவர் மாறிமாறி அடித்து அதன் தலையைப் பரப்புவர். அடித்த ஆணிகளின் எண்ணிக்கைக்கே கூலி. எனவே மழை பெய்தாலோ, குழுவில் ஒருவர் வரத் தவறினாலோ அனைவருடைய வருமானமும் குறைந்தது. நடுத்தர வயதுக்குள் பலர் செவித்திறனை இழந்தனர். இக்கலையில் தேர்ந்தவர் நல்ல கூலி பெற்றார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அது இவ்வாரக் கூலி. அடுத்த வாரத்திற்கு உறுதி இல்லை.

கப்பல் நீரில் இறங்கும் நாளைத் திருநாளாகவே நாம் கற்பனை செய்கிறோம். கரையில் கூட்டம் கூடியதும் கொடிகள் பறந்ததும் உண்மையே. எனினும் அடுத்த கப்பலுக்கு ஆணை வந்திராவிடில், ஆணி அடித்தவர்களுக்கு அதுவே வேலை முடியும் நாள். 1880-களின் நடுவில் கப்பல் தொழிலே படுத்தபோது, டைன் கரையெங்கும் தளங்கள் வெறிச்சோடின. நெசவு நகரங்களைப் போலப் பெண்களுக்குத் தனி வருவாய்க்கு இங்கு வழி மிகக் குறைவு. வீட்டின் வரவு முழுவதும் ஒருவருடைய கையிலிருந்தே வந்தது. அதை நீட்டிச் சமாளிப்பது இல்லத்தரசியின் பொறுப்பு. ஞாயிறன்று கணவர் உடுத்திய நல்ல உடை திங்களன்று அடகுக்கடைக்குப் போகும்; கூலி வந்ததும் சனிக்கிழமை மீண்டு வரும். அத்தகைய நகரங்களின் வழக்கமான வாரச் சுழற்சி இது. வட்டி கட்டியே தம் உடையை அணிந்தனர் என்று சொல்லலாம்.

வேறு வழிகளும் பிறந்தன. கொதிகலன் தொழிலாளர் சங்கம் உறுப்பினரிடம் சந்தா திரட்டி, நோயுற்றோருக்கும் வேலையிழந்தோருக்கும் உதவித்தொகை அளித்தது. கூட்டுறவுக் கடைகள் வாங்கிய பொருளுக்கேற்ப இலாபத்தில் பங்கு தந்தன. 1861-இல் பிரிட்டனில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தோன்றியது. ஒரு ஷில்லிங் இருந்தால் போதும், ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு வட்டி, அரசே பொறுப்பு. அந்த ஒரு ஷில்லிங்கும் மொத்தமாகச் சேராதவர்களுக்காக, 1880-இல் ஒரு பென்னி தபால்தலைகளைத் தாளில் ஒட்டிச் சேர்க்கும் முறை வந்தது. பன்னிரண்டு ஒட்டினால் ஒரு ஷில்லிங். நம் நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இல் தொடங்கியது.

பால்மர் கொடைக்கும் பேர் பெற்றவர். மறைந்த மனைவியின் நினைவாக மருத்துவமனை எழுப்பினார். 1875-இல் ஜாரோ நகராட்சியானபோது முதல் மேயரும் அவரே. வேலையும் மருத்துவமும் நகராட்சியும் ஒருவர் பெயரிலேயே நின்றதை அன்று எவரும் ஆபத்தாகக் கருதியதாகத் தெரியவில்லை.

1933-இல் பால்மர் நிறுவனம் வீழ்ந்தது. 1936 அக்டோபரில் ஜாரோவின் ஆண்கள் ஏறத்தாழ இருநூறு பேர், வேலை கேட்டு நாடாளுமன்றத்திற்கு மனு ஏந்தி லண்டன் வரை நடந்தனர். ரயிலில் ஊர் திரும்பியவர்களுக்கு ஒரு செய்தி காத்திருந்தது: நடைப்பயணத்தில் இருந்த நாள்களில் வேலைக்கு ஆயத்தமாக இல்லாததால், அந்நாள்களுக்குரிய உதவித்தொகை கிடையாது.