குமிழி இல்லாத எபாக்சி ஒட்டு

சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்ற நம் செட்டிகுளத்தில் கடல் இல்லை. ஆனாலும் மளிகையோடு ஹார்டுவேர் சாமானும் வைத்திருக்கும் வியாபாரிகள் எபாக்சி பசை விற்கிறோம். தொட்டிக்கும் கதவு நிலைக்கும் வாங்கிப் போகிறார்கள். அதன் நுணுக்கம் அறியப் படகு வேலையைப் பார்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கரையில் உடைந்த பைபர் படகுகள் ஏராளமாகப் பழுது பார்க்கப்பட்டன. படகின் ஒட்டில் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் பலமிழக்கும். உப்பு நீர் இறங்கும். கடலில் போனவர் உயிருக்கே ஆபத்து.

குமிழிக்கு முதற் காரணம் அவசரம். பிசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன அளவில் எடுத்து, தட்டைக் குச்சியால் பக்கமும் அடியும் வழித்து மெதுவாகக் கலக்க வேண்டும். மோர் கடைவதுபோல் கடைந்தால் காற்று புகும். குளிரில் பிசின் கெட்டியாக இருந்தால், கலக்குமுன் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். குமிழி எளிதில் மேலேறும். சூடு மிஞ்சினால் சீக்கிரம் இறுகிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலத் தட்டில் ஊற்றிப் பயன்படுத்துவது நல்லது.

மரத்தில் பூசுவதானால் வெயில் ஏறும் நேரம் ஆகாது. மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழியிடும். வெயில் தணிந்த மாலையில் முதலில் மெல்லிய பூச்சு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்தது. கண்ணாடி நார்த்துணி வைத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இறுகிய பின் குமிழி தெரிந்தால் தேய்த்துத் திறந்து நிரப்பவேண்டுமே தவிர, பெயிண்ட் அடித்து மறைக்கக் கூடாது.

டப்பாவைக் கொடுக்கும்போது இந்த நாலு வார்த்தையையும் சொல்லிக் கொடுங்கள். சரக்கு திரும்பி வராது, வாடிக்கையாளர் வருவார்.