இயந்திரம் காற்றை அளப்பது எப்படி?

நீங்கள் போடிநாயக்கனூரிலிருந்து மூணாறுக்கு மலைப்பாதையில் சென்றிருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே இதற்குக் காரணம். போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூணாறு சுமார் 1,500 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது.

நமக்குக் காது அடைப்பதோடு சரி. வண்டியின் இயந்திரத்துக்கோ இது மூச்சுப் பிரச்சினை. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில், மேலே காற்று மெலிந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. எனவே கரும்புகை வரும், இழுவை குறையும்.

இன்றைய வண்டிகளில் எரிபொருளின் அளவை ஒரு சிறு கணிப்பொறி தீர்மானிக்கிறது. பல பெட்ரோல் வண்டிகளில் அதற்குத் தகவல் தருவது, சிலிண்டருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயில் உள்ள அழுத்த உணர்கருவி.

இளநீர் குடிக்கும் குழலின் ஒரு முனையை விரலால் மூடி, மறுமுனையில் உறிஞ்சிப் பாருங்கள். குழல் ஒட்டிப்போகும். உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது. விரலை விலக்கினால் காற்று புகுந்து அழுத்தம் உயரும். ஆக்சிலரேட்டர் செய்வதும் இதைத்தான். அது காற்று வழியைத் திறந்து மூடுகிறது.

உணர்கருவிக்குள் மிக மெல்லிய சிலிக்கான் தகடு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் வெற்றிடம்; மறுபக்கம் குழாய்க் காற்று. அழுத்தத்துக்கேற்பத் தகடு வளைகிறது. அதன் மின்தடை மாறுகிறது. வெளிவரும் மின்னழுத்தமும் மாறுகிறது. இதோடு இயந்திரத்தின் வேகத்தையும் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்து, உள்ளே போகும் காற்றின் எடையைக் கணிப்பொறி கணக்கிடுகிறது. சாவியைத் திருப்பியதும், இயந்திரம் ஓடும் முன் கருவி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்தை. வண்டி நிற்பது கம்பத்திலா, மலை உச்சியிலா என்பது அதிலேயே தெரிந்துவிடும்!

மலையேற இழுவை போதவில்லை என்று சிலர் பெட்ரோல் இயந்திரத்தில் டர்போவைப் பொருத்துகிறார்கள். டர்போ காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆகிறது என்று கொள்வோம். பழைய கருவிக்கோ சாதாரண வளிமண்டல அழுத்தம் வரைதான் அளக்கத் தெரியும். 5 கிலோ தராசில் 8 கிலோ ஏலக்காயை வைத்த கதைதான்! முள் முட்டி நின்றுவிடும். கணிப்பொறி பழைய அளவுக்கே பெட்ரோல் தரும். காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த அந்தக் கலவை காலந்தவறி வெடித்து, வெப்பம் ஏறி, பிஸ்டனையே உருக்கித் துளைத்துவிடலாம்.

ஆகவே டர்போவைப் பொருத்தினால் மட்டும் போதாது. அதிக அழுத்தத்தை அளக்கும் உணர்கருவியும், அதற்கேற்பத் திருத்திய கணக்கும் வேண்டும். தராசு பொய் சொன்னால் நட்டம் வியாபாரிக்கு. உணர்கருவி பொய் சொன்னால் நட்டம் இயந்திரத்துக்கு!