ஜிம்மிக்கும் ஒரு டிக்கெட்!

மொட்டை என் மகனுக்கு. வேண்டுதல் என் மனைவிக்கு. செலவு எனக்கு. இதில் ஜிம்மி எங்கே வந்தது என்கிறீர்களா? அப்பா சொல்லிவிட்டார். ''அது வரலைன்னா நானும் வரலை!''

ஜிம்மி எங்கள் வீட்டு நாய். பெயரில்தான் இங்கிலீஷ், மற்றபடி அசல் சிப்பிப்பாறை. கோவில்பட்டி வட்டாரத்து வேட்டை நாய் ஜாதி. விலா எலும்பை எண்ணிவிடலாம். வாக்கிங் போனால், ''சோறே போடறதில்லையா சார்?'' என்று முன்பின் தெரியாதவர்கூட என்னை முறைப்பார். திருச்செந்தூர் என்றதும் அப்பா ஒரு பாயின்ட்டைப் பிடித்துக்கொண்டார். ''அதுக்கு அது சொந்த ஊர்ப் பக்கம்டா!''

முதலில் ரயிலுக்கு விசாரித்தேன். ஃபர்ஸ்ட் கிளாஸில் இரண்டு பெர்த் கூபேயையோ நாலு பெர்த் கேபினையோ முழுசாக நாமே எடுத்துக்கொண்டால் நாய் நம்மோடு வரலாம். டூ டயர், த்ரீ டயர், ஸ்லீப்பர் எதிலும் கூடாது. இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு. கால்நடை டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். லக்கேஜ் கணக்கில் கட்டணம். வழியில் தண்ணீர், சோறு நம் பொறுப்பு. அதற்கு ஏதாவது ஆனால் அதுவும் நம் பொறுப்பு! புக் பண்ணாமல் பிடிபட்டால் லக்கேஜ் கட்டணம் போல ஆறு மடங்கு.

அதாவது, சட்டப்படி ஜிம்மி ஒரு சூட்கேஸ். பி.காம். பாஷையில் அசையும் சொத்து. வால் உட்பட.

ராத்திரி முழுக்கக் கூண்டுக்குள்ளே என்று கேட்டதும் அப்பா முகம் போன போக்கைப் பார்த்து மச்சானின் காரை இரவல் வாங்கினேன். 600 கிலோமீட்டருக்கு மேல். 'கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அப்பா, 'பாவம், பசிக்கும்' என்று ரகசியமாக நாலு இட்லி ஊட்டியிருக்கிறார். திண்டிவனத்தில் அந்த நாலும் மச்சானின் ஸீட்டில் இருந்தன.

திருச்செந்தூரில் மூன்று லாட்ஜ். மூன்றிலும் ஒரே பதில்: ''அண்ணாச்சி, ஒங்களுக்கு ரூம் இருக்கு. அதுக்கு இல்ல.'' கடைசியில் தெரு முனையில் நின்ற ஒரு பெரியவர் ஜிம்மியை ஏற இறங்கப் பார்த்தார். ''சிப்பிப்பாறைல்லா! நம்ம ஊரு நாய்க்கு எடமில்லன்னா சொன்னான்? மாடி சும்மாதான் கெடக்கு, வாங்க.'' எங்கள் நாலு பேருக்கும் அன்று சிபாரிசு ஜிம்மிதான்.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனிமேல் முடியாது.

மறுநாள் காலை கோயிலுக்குக் காரில் போனோம். புது இடத்தில் தனியாக விட்டால் குரைக்கும் என்று ஜிம்மியும் வந்தது. அப்பா காரிலேயே உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு. ''பேரனுக்கு மொட்டை, பக்கத்துல நீங்க இல்லாமலா? பத்து நிமிஷம்தாம்ப்பா'' என்று இழுத்துக்கொண்டு போனவன் சாட்சாத் நான்தான். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் பூட்டினேன். மே மாதம். பத்து மணி வெயில்.

முடி இறக்கும் இடத்தில் கூட்டம். பையனுக்குப் பாதி மொட்டை ஆனபோதுதான், தலையில் தடவ வைத்திருந்த சந்தனம் காரில் இருப்பது ஞாபகம் வந்தது. ஓடினேன்.

காரைச் சுற்றி நாலைந்து பேர். நுங்கு விற்கிற ஒரு அம்மா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஜிம்மி ஸீட்டில் பக்கவாட்டில் கிடந்தது. நாக்கு முழம் நீளத்துக்கு வெளியே. வாயெல்லாம் நுரை. கதவைத் திறந்ததும் என் முகத்தில் அடித்தது காற்றல்ல, அடுப்பு.

''ஏம்ப்பா, வாயில்லாச் சீவன இப்பிடி வேக வச்சிட்டியே!'' என்றபடி அந்த அம்மா தன் குடத்துத் தண்ணீரை அதன் வயிற்றிலும் கால்களிலும் ஊற்றினார். அன்றைக்கு முழுக்க அவர் குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் ஃபேனுக்கு அடியில் கிடத்தி, இன்னும் தண்ணீர் விட்டார். திட்டவில்லை, விளக்கினார். அது திட்டைவிட மோசம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது; பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். மூச்சிரைப்பதுதான் அதற்கு ஃபேன். வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிஷத்தில் 10 டிகிரி வரை சூடேறிவிடுமாம். இரண்டு விரல் கண்ணாடியால் பெரிய பிரயோஜனம் இல்லை. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38, 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டரைக் காட்டினார். 40.6.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஜிம்மியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். நாயை விட்டுவிட்டு வரச் சொன்னால் சொர்க்கமே வேண்டாம் என்றாராம் தருமர். நான் ஒரு மொட்டைக்காக விட்டுவிட்டு வந்தவன்.

சாயங்காலம் ஜிம்மி எழுந்து தண்ணீர் குடித்தது. வீட்டில் மூன்று பேரும் தரிசனத்துக்குப் போனார்கள். மீதி மொட்டையும் மதியமே முடிந்திருந்தது. நானும் ஜிம்மியும் தூரத்தில் கடற்கரையில். மணல் ஆறிவிட்டதா என்று புறங்கையை வைத்துப் பார்த்த பிறகே அதை இறக்கினேன். அலைத் தண்ணீரை நக்கப் போனது, இழுத்துப் பிடித்தேன். உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தி, பேதி என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

இருட்டுகிற நேரத்தில் மனைவி பன்னீர் இலை விபூதியோடு வந்தாள். எனக்குப் பூசினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜிம்மியின் நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்தாள்.

ஜிம்மி ஒரு தும்மல் போட்டது. பாதி விபூதி என் சட்டையில். மீதி அப்பாவின் கண்ணாடியில். காலையிலிருந்து அப்போதுதான் அப்பா என்னிடம் பேசினார்.

''கார் சாவியை எங்கிட்ட குடுடா!''