மத்தாப்புக் கம்பியில் ஒரு மலை

கம்பி மத்தாப்பைக் கொளுத்தும் முன் கைப்பிடியை உற்றுப் பாருங்கள். மருந்து பூசாத அந்தப் பகுதி செந்நிறமாக மினுங்கும். உள்ளே இருப்பது இரும்புதான். துருப்பிடிக்காமல் இருக்க, மேலே மெல்லிய செம்புப் பூச்சு.

வாணவெடியின் நீல நிறத்துக்கும் செம்புதான் காரணம். செம்பும் குளோரினும் சேர்ந்த ஆவி நீல ஒளி வீசும். சூடு மிஞ்சினால் அந்தச் சேர்க்கை உடைந்து நீலம் வெளிறிப்போகும். அதனால்தான் நல்ல நீலம் செய்வது பட்டாசுக்காரர்களுக்குக் கடினமான வேலை.

சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசுத் தொழில் உண்டு, செம்புச் சுரங்கம் கிடையாது. செம்பு எங்கே கிடைக்கும்? ராஜஸ்தானுக்குப் போவோம், வாருங்கள்!

அங்கே ஆரவல்லி மலையடியில் இருக்கிறது கேத்ரி. நம் சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, அந்த ஊருக்குச் செம்பு அப்படி. அதே மலைப்பகுதியில் உள்ள கணேஷ்வரில், 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் செம்பை உருக்கி அம்புமுனை செய்தார்கள். 1967இல் தொடங்கிய இந்துஸ்தான் காப்பர் என்ற அரசு நிறுவனம் கேத்ரியில் சுரங்கம் நடத்துகிறது. தொழிலாளர்களுக்காகக் கேத்ரி நகர் என்ற புது ஊரே எழுந்தது.

கேத்ரிப் பாறையில் செம்பு தனியாக இருக்காது. இரும்போடும் கந்தகத்தோடும் கலந்து, பித்தளை போல மஞ்சளாக மின்னும். 100 கிலோ பாறையை உடைத்தால் ஏறக்குறைய 1 கிலோ செம்புதான் தேறும்!

அதை எப்படிப் பிரிப்பார்கள்? அம்மா அரிசியில் கல் அரிக்கும்போது, கனமான கல் அடியில் தங்கும் அல்லவா? இங்கே நடப்பது தலைகீழ். பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலப்பார்கள். ஒரு மருந்து சேர்த்ததும், செம்புத் துகள்கள் தாமரை இலை போலத் தண்ணீரை ஒட்டவிடா. அடியிலிருந்து காற்றை ஊதினால், குமிழிகளைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். நுரையை வழித்து எடுத்து, உலையில் உருக்கினால் செம்பு!

ஆஸ்திரேலியாவிலும் இப்படி ஓர் ஊர் உண்டு: பர்ரா. 1845இல் ஆடு மேய்ப்பவர்கள் அங்கே செம்பைக் கண்டார்கள். ஊர் செழித்தது. 1877இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அது அமைதியான சிற்றூர்.

வெட்டிய மலை மீண்டும் வளராது. ஆனால் செம்பை எத்தனை முறை உருக்கினாலும் அது செம்பாகவே இருக்கும். எனவே பழைய செம்புக் கம்பியையும் ஓட்டைச் செம்புக் குடத்தையும் குப்பையில் போடாதீர்கள். பழைய சாமான் கடைக்குக் கொடுங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கிலோ செம்புக்கும் 100 கிலோ மலை தப்பிக்கும்!