குழாயை எங்கே வெட்டுவது? எக்ஸெல்லிடம் கேளுங்கள்

சுருளிப்பட்டிப் பக்கம் என் மாமாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைதான். கிணறு தொலைவில், அங்கிருந்து ஒரு மெயின் குழாய் நேராகப் போகிறது. "மாப்ள, எந்த எடத்துல டீ போட்டா பைப்பு கம்மியா ஆகும்?" என்று கேட்டார். பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்த வெக்டர் பாடம் அப்போதுதான் உதவிக்கு வந்தது.

முதலில் கூகுள் எர்த்தில் கிணறு, குழாய் முடியும் இடம், தோட்டம் மூன்றின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வேண்டும். ஐந்தாவது இலக்கம் என்பது தரையில் சுமார் 1 மீட்டர். கிணற்றை 0, 0 என வைத்து மற்றவற்றை மீட்டராக மாற்றுங்கள். கம்பம் பகுதியில் 1 டிகிரி அட்சரேகை 110.6 கி.மீ., தீர்க்கரேகை 109.7 கி.மீ. (டெல்லியில் தீர்க்கரேகை 98 கி.மீ.தான். அங்கே இந்த எண்ணைப் போட்டால் கணக்கு கெடும்.)

எங்களுக்குக் குழாயின் முடிவு கிழக்கே 400, வடக்கே 300 மீட்டர் என்று வந்தது. தோட்டம் கிழக்கே 350, வடக்கே 50.

இப்போது புள்ளிப் பெருக்கம். கிழக்கைக் கிழக்கோடும் வடக்கை வடக்கோடும் பெருக்கிக் கூட்டுங்கள்: 350×400 + 50×300 = 1,55,000. குழாயைக் குழாயோடே அப்படிப் பெருக்கினால் 2,50,000. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.62. அதாவது குழாயின் நீளத்தில் 62 சதவீதம் தள்ளி டீ போட வேண்டும். 400-ஐயும் 300-ஐயும் 0.62-ஆல் பெருக்கினால் அந்த இடம் 248, 186. அங்கிருந்து தோட்டம் 170 மீட்டர். 6 மீட்டர் பைப் 29 போதும். குழாயின் முடிவிலிருந்து இழுத்திருந்தால் 255 மீட்டர், 43 பைப்!

மாமாவுக்கு ஏக சந்தோஷம். புதிதாகப் பந்தல் போட்ட இன்னொரு துண்டு நிலத்துக்கும் கணக்குக் கேட்டார். அது கிழக்கே 500, வடக்கே 500. தூரம் 100 மீட்டர் என்றது எக்ஸெல். 17 பைப் வாங்கி இறக்கியாயிற்று. பள்ளம் தோண்டப் போனால், நான் சொன்ன இடத்தில் மெயின் குழாயே இல்லை! விகிதம் 1.4 வந்திருக்கிறது, நான் அதைப் பார்க்கவே இல்லை. கணக்குக்குக் கோடு முடிவில்லாமல் நீளும். குழாய் 500 மீட்டரோடு நின்றுவிடும். கடைசி முனையிலிருந்து 224 மீட்டர், 38 பைப் வேண்டியிருந்தது. மீதிப் பைப் வரும்வரை இளங்கொடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தோம்.

இதைத் தவிர்க்க, விகிதத்தையும் 1-ஐயும் மின் ஃபங்ஷனில் கொடுங்கள். வரும் விடையையும் 0-வையும் மேக்ஸ் ஃபங்ஷனில் கொடுங்கள். விகிதம் 1-ஐத் தாண்டினால் குழாயின் முடிவிலும், 0-க்குக் கீழே போனால் கிணற்றிலும் நின்றுகொள்ளும்.

உங்கள் குழாய் வளைந்து போகிறதா? ஒவ்வொரு நேர்த்துண்டுக்கும் தனித்தனி வரிசையில் இதே கணக்கைப் போட்டு, குறைந்த தூரம் எதுவோ அதை எடுங்கள். மேடு பள்ளம் இதில் வராது. மலையடிவாரம் என்றால் இரண்டொரு பைப் கூடுதலாகவே வாங்குங்கள்.